பழைய சுவரின் தோற்றம்: பள்ளத்தூர் வீட்டில் ஒரு சுண்ணாம்பு வேலை

பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் மூன்றாம் கட்டில் ஒரு நீளமான அறை இருக்கிறது. முன்பு நெல் மூட்டையும் ஊறுகாய்ச் சாடியும் வைத்திருந்த இடம். அதை உட்கார்ந்து படிக்கவும், ஊரிலிருந்து யாராவது வந்தால் படுக்கவும் தோதாக மாற்றலாம் என்று முடிவானது. தரை, மரவேலை எல்லாம் நன்றாகவே இருந்தன. சிக்கல் வடக்குச் சுவரில்தான். செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டிய பழைய சுவர். பின்னாளில் இடுப்பு உயரம் வரை சிமெண்ட் பூசி, சுவர் முழுக்க எமல்ஷன் அடித்திருந்தார்கள். சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளித்து உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது வெயிலும் கையும் காலமும் பட்டு மங்கிய ஒரு சுவர். இப்போது ரிசார்ட்களில் எல்லாம் 'ரஸ்டிக் ஃபினிஷ்' என்று செய்கிறார்களே, அந்த மாதிரி. காரைக்குடியில் டெக்ஸ்சர் பெயிண்ட் அடிப்பவர்களிடம் மாதிரிப் பலகைகளைப் பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பலகையின் மேல் மூலையில் எப்படியோ கீழ் மூலையிலும் அப்படியே. பழைய சுவர் எந்த வீட்டிலும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பழசாவதில்லை. கை படுகிற இடம் ஒரு மாதிரி, தண்ணீர் தெறிக்கிற இடம் வேறு மாதிரி. சுவருக்கு என்னென்ன நடந்ததோ அதுதான் அதன் நிறம். சரி, அப்படியானால் சுவரைச் சுண்ணாம்பிலேயே செய்து, அடுக்கடுக்காக நிறம் ஏற்றி, தேய வேண்டிய இடத்தில் மட்டும் தேய்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஊரில் பழைய சுவர்களைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கச் சொல்லுவேன், மற்ற எந்தத் தயாரிப்பையும் விட இதுதான் உதவியது. கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டுச் சுவர்கள், கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி அடித்த பட்டைகள், எங்கள் வீட்டிலேயே அடுப்படி ஓரம். நிலைக்கதவின் இரண்டு பக்கமும் தோள் உயரத்தில் மேல்வெள்ளை தேய்ந்து அடிநிறம் தெரிகிறது. விளக்கு மாடத்துக்கு மேலே புகை நாக்கு நீட்டியிருக்கிறது. தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு, கழுவிவிட்ட தண்ணீர் பட்டுப் பட்டுச் சாம்பல் கலந்த நிறம். உத்தரத்துக்குக் கீழே கை எட்டாத இடத்தில் வெள்ளை கெட்டியாக, புதிதாகவே இருக்கிறது. இதையெல்லாம் ஒரு நோட்டில் சுவர் மாதிரி வரைந்து குறித்துவைத்தேன்.

எங்கள் சுவரில் என்ன நிறங்கள் இருந்தன என்பதையும் சுவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மேற்பக்கத்தில், சிமெண்ட் படாத இடத்தில், பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒரு ரூபாய் அகலத்துக்கு மெல்லச் சுரண்டினேன். முதலில் எமல்ஷன் ரப்பர் மாதிரி தோலாகச் சுருண்டு வந்தது. அடியில் வெளிர்பச்சை டிஸ்டெம்பர், விரலில் பொடியாக ஒட்டியது. அதற்கும் அடியில் நீலம் போட்ட வெள்ளை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சு, மைக்கா ஏடுபோல் பிரிந்தது. கடைசியாக, சாந்தை ஒட்டி, மஞ்சள் காவி. அந்த மஞ்சளில் சிவப்பு ஒரு துளி கலந்திருந்தது. சுரண்டிய வட்டத்தின் ஓரத்தில் எல்லா நிறமும் வளையம் வளையமாக நின்றன. எனக்கு வேண்டிய வண்ணத் திட்டம் முழுவதும் அங்கேயே இருந்தது: அடியில் மஞ்சள் காவி, மேலே நீலம் கலந்த வெள்ளை.

வேலைக்கு வந்த கொத்தனாருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சிறு வயதில் சாந்து அரைக்கிற செக்கைப் பார்த்து வளர்ந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆச்சி, சிமெண்டுன்னா பூசிட்டுப் போயிரலாம். இதைப் பூசிட்டுப் பக்கத்துலயே இருக்கணும். அவசரம்னா இப்பவே சொல்லிருங்க." அவசரம் இல்லை என்றேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கினோம். மழைக்காலத்தில் சுண்ணாம்பு காயாது. சித்திரை வெயிலில் வேண்டாத வேகத்தில் காய்ந்து வெடிக்கும். செட்டிநாட்டில் இந்த வேலைக்கு மாசி மாதம்தான் தோது.

சிமெண்டை எடுப்பது முதல் வேலை. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே போய், அது முடிகிற இடத்தில் வெளியே வரும். வரும்போது உப்பையும் கொண்டுவரும். உப்பு பளிங்காக விளையும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளும். நம் ஊரில் பழைய வீடுகளில் இடுப்பு உயரத்தில் சுவர் அரித்துப்போயிருப்பதற்கு ரொம்பவும் பொதுவான காரணம் இதுதான். அதை மறைக்க மறுபடி சிமெண்ட் பூசினால் அரிப்பு இன்னும் மேலே ஏறும். உளியைச் சாய்வாகப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார்கள். நேராக அடித்தால் செங்கல்லின் முகம் சிமெண்டோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். பிறகு இணைப்புகளைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் கூட்டி எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

கூடவே வெளிப்பக்கம் கொல்லையில் சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண்ணை வெட்டித் தாழ்த்தினோம். ஓட்டுச் சாரல் தண்ணீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் ஒன்றும் எடுத்துவிட்டோம். இதைச் செய்யாமல் உள்ளே எந்தப் பூச்சு பூசினாலும் வீண்தான். அப்புறம் சுவரைச் சும்மா விட்டு உலரவைத்தோம்.

அந்த இடைவெளியில் சுண்ணாம்பு தயாரானது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் தண்ணீரில் போட்டு நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேறு நாளில் செய்யுங்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். இன்னொன்று, தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தோம். குறைந்தது 2 வாரம் ஊற வேண்டும், மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் மேல். நேரம் இல்லாதவர்கள் ஊறிய சுண்ணாம்பு விழுதாகவே வாங்கிக்கொள்ளலாம். மூட்டையில் வருகிற தூள் சுண்ணாம்பை வெள்ளையடிக்கத்தான் நான் நம்புவேன், பூச்சுக்கு நம்ப மாட்டேன். காற்றுப்பட்டுப் பாதி கல்லாகிப்போன தூள் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பாத்திரத்தில் உடைத்த கடுக்காயையும் பனைவெல்லத்தையும் ஊறவைத்தார் கொத்தனார். சில நாளில் புளித்த வாடை அடித்தது. சாந்து குழைக்க இந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினார். கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சாந்து கரண்டிக்கு இணக்கமாக வருகிறது, இறுகும்போது நன்றாகக் கெட்டிப்படுகிறது. இந்தப் பக்கத்து வீடுகளின் பளிங்குச் சுவருக்கும் தொடக்கம் இதே சாந்துதான். அதற்கு மேல் படிப்படியாக மெலிதான அடுக்குகள் வைத்து, கடைசியில் நைசாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். எங்கள் சுவரில் அந்த வழியில் பாதியிலேயே நிற்க வேண்டும். பின்கட்டு அறைக்கு அதுதான் பொருத்தம்.

அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக இடித்துச் சலித்த செங்கல் தூள் போட்டோம். ஈரமுள்ள சுவரில் சாந்து இறுக அது உதவும், கூடவே ஒரு இளஞ்சிவப்புச் சாயலும் வரும். ஆற்று மணல் கிடைக்கவில்லை. கல்லை உடைத்துப் பூச்சு வேலைக்கென்றே செய்கிற பி-சாண்ட் மணலைக் கழுவி, தூசியை ஓடவிட்டுப் பயன்படுத்தினோம். தூசி அதிகமாக இருந்தால் பூச்சில் மயிரிழை வெடிப்பு வரும். சுவரை முந்தின நாள் மாலையிலும் பூசும் காலையிலும் நனைத்துக்கொண்டோம். ஒரு பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால் செங்கல் சில்லு வைத்து முதலில் நிரப்பிவிட வேண்டும். முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு இரண்டாவது.

மட்டப்பலகை பிடித்து இழுக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. ஆயுள் முழுக்க நேர் பார்த்தே பூசிய கை. மேல்பாதியில் எமல்ஷனைச் சுரண்டியபின் மிச்சம் இருந்த பழைய பூச்சின் நெளிவைக் காட்டி, இது எப்படிப் போகிறதோ அப்படியே கீழே இறக்குங்கள் அண்ணே என்றதும் புரிந்துகொண்டார். உள்ளங்கையைப் பழைய பூச்சில் வைத்து, அப்படியே புதுப் பூச்சுக்கு நகர்த்திப் பார்ப்பார். எங்கே கை தடுக்கிறதோ அங்கே மட்டும் மணியாசுக் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்க்கும் மரப்பலகையால், தேய்ப்பார். நிலைக்கு அருகே வரும் ஓரங்களைக் கூர்மையாக விடாமல் கட்டை விரலால் மழுக்கிவிட்டார். இந்த இரண்டும் இல்லாமல் மேலே என்ன நிறம் அடித்தாலும் சுவர் புதுசாகவே நிற்கும்.

மேற்பூச்சு 3 மில்லிமீட்டர்தான். சுண்ணாம்பு 1, நைஸ் மணல் 2. மணியாசுக் கட்டையோடு நிறுத்தினோம், இரும்புக் கரண்டியால் மழமழவென்று இழுக்கவில்லை. மணல் கண்கள் திறந்தபடி இருந்தால்தான் வெள்ளை உள்ளே இறங்கிப் பிடிக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அந்தச் சின்ன மேடு பள்ளம்தான் சுவருக்கு உயிர். இரண்டு பூச்சுக்கும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தோம். மின்விசிறியைப் போடவே இல்லை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வெறுமனே காய்ந்தால் பொடியாகத்தான் நிற்கும்.

இனி நிறம். சுண்ணாம்பு விழுதை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்டியாக அடித்தால் ஏடாகப் பெயரும், நீர்க்க நீர்க்கப் பலமுறை அடிக்க வேண்டும். நிறத்துக்கு மண்ணிலிருந்தும் இரும்பிலிருந்தும் வந்த பொடிகள்தான் சுண்ணாம்புக்குச் சரி: மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு ஆக்சைடு. பெயிண்டில் நிறம் சேர்க்க விற்கிற ஸ்டெய்னர் பாட்டில்களில் சில நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தில் வெளிறிவிடும். பொடி எதுவானாலும் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கையில் ஒட்டும். பொடியை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால் திட்டுத் திட்டாக நிற்காது. ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்ததும் வெகுவாக வெளிறும் என்பதால் கதவுக்குப் பின்னால் மாதிரி அடித்து, மறுநாள் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தேன்.

முதல் பூச்சு வெறும் வெள்ளை. அடுத்தது மஞ்சள் காவியில் ஒரு சிட்டிகை செங்காவி, இது மட்டும் சுவர் முழுக்க நிறைவாக. அதன் மேல் நீலம் கலந்த வெள்ளை, மெல்லியதாகப் பல முறை. ஒவ்வொரு முறையும் சுவரில் தண்ணீர் தெளித்து, நார் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, தண்ணீர் அடித்த மாதிரி அடிநிறம் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். அதைப் பார்த்து இன்னும் கெட்டியாக அடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

தேய்க்கிற நேரம் ஒன்று இருக்கிறது. கடைசிக்கு முந்தின வெள்ளையின் ஈரப் பளபளப்பு போய் மங்கிவிட்டது, புறங்கையை வைத்தால் மட்டும் குளிர்கிறது, அந்த நேரம். நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, நிலைக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. வெள்ளை கோணியின் இழையில் வந்துவிட்டது. மணல் மேட்டில் மட்டும் மஞ்சள் புள்ளி புள்ளியாக எழுந்தது, பள்ளத்தில் வெள்ளை தங்கிவிட்டது. இன்னொரு இழுப்புக்கு மஞ்சள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தது. அங்கே நிறுத்தினேன். விளிம்பில் கோடு தெரியாமல் இருக்க, வெறும் விரல் நுனியால் வெளிநோக்கித் தட்டிவிட வேண்டும். இந்த நேரம் தாண்டிக் காய்ந்த பிறகு தேய்த்தால் வெள்ளை வராது, உப்புத்தாள்தான் வேண்டியிருக்கும். உப்புத்தாளின் கீறல் நேர்க்கோடாகத் தெரிந்துவிடும் என்பதால் அதை நான் தொடவில்லை.

நோட்டில் குறித்த இடங்களில் மட்டும் தேய்த்தேன். நிலை ஓரம், சன்னலுக்குக் கீழே, கட்டில் தலைமாட்டில் சாய்கிற உயரம். தரையோரம் கறுப்பும் செங்காவியும் ஒரு துளி சேர்ந்த நீர்த்த சுண்ணாம்பை ஈரத்துணியால் ஒற்றி, மேலே போகப் போக மங்கவிட்டேன். மேல்பகுதியில் எதுவும் செய்யவில்லை. மாடத்துக்கு மேலே புகை நாக்கு வரையலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கார்த்திகைக்கு அதில் விளக்கு ஏற்றத்தான் போகிறோம், அது தானே வரட்டும். எல்லாம் முடிந்து, மிக நீர்த்த வெள்ளை ஒரு கை, தேய்த்த இடங்களையும் சேர்த்து. தேய்ப்பு அப்போதுதான் சுவருக்குள் இறங்கிய மாதிரி தெரிகிறது. கடைசி இரண்டு பூச்சில் வடித்த அரிசிக் கஞ்சி கொஞ்சம் சேர்த்தோம், சட்டையில் ஒட்டாமல் இருப்பதற்கு.

சாய்ந்து உட்காரும் பட்டைக்கு மட்டும் இன்னொன்று செய்தோம். எண்ணெயில் செய்த பார் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, சுவர் நன்றாக இறுகியபின் மெல்லத் தடவி, கூழாங்கல்லால் தேய்த்தோம். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு படலமாகிறது. தலை எண்ணெய் உடனே ஊறாது, தேய்ந்த மினுமினுப்பும் வருகிறது. துணி சோப்பாக விற்கிற டிடெர்ஜென்ட் கட்டிகளில் இது நடக்காது. வார்னிஷோ பிளாஸ்டிக் சீலரோ அடிக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சிமெண்ட் செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடி கல்லில் சுண்ணாம்பு சொட்டிக் காய்ந்தால் கறை போகாது, ஆசிட் ஊற்றினால் கல்லே போய்விடும், அதன் முகம் சிமெண்ட்டும் வண்ணமும்தான். பிளாஸ்டிக் தாளுக்கு மேல் சாக்கு விரித்துத்தான் வேலை செய்தோம். தேக்கு நிலையில் சுண்ணாம்பு நீர் பட்டால் மரம் கறுக்கும். நிலை முழுக்கத் தாள் ஒட்டிவிட்டு, அப்படியும் தெறித்ததை அந்தக் கணமே துடைத்தோம்.

சிமெண்ட் பூச்சுள்ள புது வீட்டில் இருப்பவர்களும் இதில் பாதியைச் செய்யலாம். பெயிண்ட் படாத சிமெண்ட் பூச்சு நன்றாக ஆறியிருந்தால் மேலே சொன்ன வெள்ளையும் தேய்ப்பும் அதில் பிடிக்கும். பெயிண்டுக்கு அடியில் தடவும் பட்டியும் எமல்ஷனும் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். வாடகை வீட்டில் அது முடியாது என்றால், மேட் எமல்ஷனில் மண் நிறம் அடித்து, தேய வேண்டிய இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே வெளிர் நிறம் அடித்துக் காய்ந்ததும் சுரண்டுங்கள். மெழுகு இருக்கும் இடம் பெயர்ந்து அடிநிறம் தெரியும். கிட்டே போனால் பெயிண்ட் என்று தெரியும்தான். ஆனால் இடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முகப்பிலோ மேடை போன்ற பட்டாலையிலோ மெருகேற்றிய முட்டைப் பூச்சு இன்னும் பளபளத்துக்கொண்டு இருந்தால், அதைத் தேய்த்துப் பழசாக்க நினைக்காதீர்கள். அதன் மேல் எதையும் அடிக்கவும் அடிக்காதீர்கள். அந்தக் கைவேலையைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. தூசி தட்டி, ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். இந்த மங்கிய சுவர் பின்கட்டுக்கும், ஏற்கெனவே பூச்சு போய்விட்ட அறைக்கும்தான். வீடு முழுக்கச் செய்தாலும் அலுத்துவிடும். எங்கள் அறையில் மற்ற மூன்று சுவரும் வெறும் வெள்ளைதான்.

முதல் மழைக்காலம் கடந்துவிட்டது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு லேசாக உப்புப் பூத்தது. செங்கல்லுக்குள் இருப்பது இன்னும் சில வருடத்துக்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் என்கிறார் கொத்தனார். காய்ந்த பிரஷ்ஷால் கூட்டிவிட்டு, நனைத்து, நீர்த்த வெள்ளை இரண்டு கை அடித்தேன், இடம் தெரியவில்லை. அதற்கென்றே மிச்சச் சுண்ணாம்பை மூடி போட்ட டிரம்மில் தண்ணீர் நிற்க வைத்திருக்கிறேன், கெடாது. கலவை அளவுகளை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து அடுப்படியை ஒட்டிய நடை. அங்கே பச்சை டிஸ்டெம்பருக்கு அடியில் செங்காவி தெரிகிறது.